பாலாற்றங்கரைச் செங்கல் வளைவும் ஆலை நகரத்துச் சுரங்கங்களும்

கேள்வி இது: ராணிப்பேட்டைப் பக்கம் பாலாற்றை ஒட்டி மூடிக் கிடக்கும் பழைய டேனரி (தோல் பதனிடும் ஆலை) ஒன்றின் பின்சுவருக்குக் கீழே, செங்கல் வளைவு வைத்த ஒரு வாய் தெரிகிறது. இங்கிலாந்து, அமெரிக்க ஆலை நகரங்களுக்கு அடியில் இருக்கும் தண்ணீர்ச் சுரங்கங்களில் டார்ச் அடித்துக்கொண்டு நடந்து போகிற வீடியோக்களைப் பார்த்திருக்கிறோம். இதுவும் அதே வகையா, எங்கே போய் முடியும், நாலு பேர் சேர்ந்து உள்ளே போய்ப் பார்க்கலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: போகாதீர்கள். ஏன் என்பதைக் கீழே விளக்கமாகச் சொல்கிறேன். மற்ற இரண்டுக்கும் பதில் சொல்ல, அந்த வெளிநாட்டுச் சுரங்கங்களை எதற்காக வெட்டினார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அது தெரிந்தால், நம் ஊரில் எதைத் தேடலாம், எதைத் தேடுவது வீண் என்பது தெரிந்துவிடும்.

மான்செஸ்டருக்குத் தெற்கே ஸ்டையல் என்ற ஊரில் குவாரி பேங்க் என்ற பஞ்சாலை இருக்கிறது. சாமுவேல் கிரெக் 1784-ல் தொடங்கியது. பொலின் என்ற சின்ன ஆறுதான் ஆலையை ஓட்டியது. ஆலை பெருக்கப் பெருக்க இன்னும் பெரிய தண்ணீர்ச் சக்கரம் வேண்டியிருந்தது. பெரிய சக்கரம் என்றால் தண்ணீர் இன்னும் உயரத்திலிருந்து விழ வேண்டும். மேலே அணையை உயர்த்தலாம், ஆனால் ஓரளவுக்குத்தான். அதனால் கீழ்ப்பக்கம் தோண்டினார்கள். சக்கரக் குழியை ஆற்று மட்டத்துக்கும் கீழே இறக்கினார்கள். சரி, அந்தக் குழிக்குள் விழுந்த தண்ணீர் எப்படி வெளியே போகும்? பக்கத்தில் ஓடும் ஆறு குழியைவிட மேலே அல்லவா இருக்கிறது! ஒரு கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம் வெட்டி, ஆறு தானாகவே அந்த மட்டத்துக்கு இறங்கி வந்துவிட்ட இடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். சூட்சுமம் ஒன்றுதான்: சுரங்கத்தின் சரிவு ஆற்றின் சரிவைவிடக் குறைவு. ஆறு வேகமாக இறங்குகிறது, சுரங்கம் மெல்ல இறங்குகிறது, எங்கோ ஓரிடத்தில் இரண்டும் ஒரே மட்டத்தில் சந்திக்கின்றன. 1818-ல் அங்கே வைத்த சக்கரத்தின் குறுக்களவு 32 அடி.

அமெரிக்காவில் லோவெல் இதையே ஒரு நகரம் அளவுக்குச் செய்தது. மெரிமாக் ஆறு பாட்டக்கெட் அருவியில் சுமார் 32 அடி இறங்குகிறது. அந்த இறக்கத்தைக் கால்வாய்களால் பங்குபோட்டு ஆலைகளுக்கு விற்றார்கள். கால்வாய்களின் மொத்த நீளம் சுமார் 9 கிலோமீட்டர். ஒவ்வொரு ஆலைக்கும் தண்ணீர் ஒரு பக்கம் உள்ளே வரும், கீழே சுழலியை (டர்பைனை) சுற்றிவிட்டு இன்னொரு பக்கம் வளைவுக்கூரை போட்ட கால் (வாய்க்கால்) வழியாக வெளியேறும். நகரத்தில் இடம் விலை ஏற ஏற, கால்களுக்கு மேல் தெரு வந்தது, கட்டடம் வந்தது. அப்புறம் மின்சாரம் வந்தது. தண்ணீர் நின்றது, மூடிய கால்களை ஊர் மறந்தது. நீங்கள் வீடியோவில் பார்த்தது பெரும்பாலும் இந்த மாதிரி வெளியேறு கால்களைத்தான். லோவெல் கால்வாய்களைப் பார்த்துக்கொண்ட பொறியாளர் ஜேம்ஸ் பிரான்சிஸ் 1849 வாக்கில் சீர்படுத்திய சுழலிதான் இன்று உலகம் முழுக்க அணை மின்நிலையங்களில் அவர் பெயரிலேயே சுற்றுகிறது.

இப்போது நம் ஊர்க் கணக்கு. விநாடிக்கு ஒரு கன மீட்டர் தண்ணீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் கிடைக்கும் சக்தி ஏறக்குறைய 98 கிலோவாட். லோவெலின் 32 அடி இந்த 10 மீட்டரை ஒட்டித்தான் வருகிறது. பாலாற்றில் ஆம்பூர் சுமார் 316 மீட்டர் உயரத்திலும் வேலூர் சுமார் 216 மீட்டரிலும் இருக்கின்றன. நடுவில் 50 கிலோமீட்டர். அதாவது கிலோமீட்டருக்கு 2 மீட்டர் இறக்கம். ஒரு 10 மீட்டர் விழுச்சி வேண்டுமென்றால் 5 கிலோமீட்டர் கால் வெட்ட வேண்டும். வெட்டிவிட்டாலும், ஆற்றில் தண்ணீர் ஓடுவது வருடத்தில் சில நாட்கள். மீதி நாளெல்லாம் சக்கரத்தை யார் சுற்றுவது? தமிழ்நாட்டில் அருவித் தண்ணீரால் ஓடிய ஆலைக்கு உதாரணம் வேண்டுமென்றால் தாமிரபரணிக்குத்தான் போக வேண்டும். பாபநாசம் பக்கம் விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி சகோதரர்கள் 1880-களில் நிறுவிய பஞ்சாலை அது. மலையடிவாரமும் வற்றாத ஆறும் இருந்ததால் அங்கே முடிந்தது. வட ஆற்காட்டில் அதற்கு வழியே இல்லை. ராணிப்பேட்டையில் பாரி நிறுவனம் 1906-ல் உரத் தொழிற்சாலை தொடங்கியபோது இயந்திரம் ஓட்ட ஆற்றைத் தேட வேண்டிய காலமும் போய்விட்டது. ஆகவே உங்கள் வளைவுக்குப் பின்னால் சக்கரக் குழி, சுழலி அறை எதுவும் இருக்காது.

அதற்காக நம் மண்ணுக்கடியில் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடாது. வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு: நீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில். சாமி 1981-ல் திரும்பி வந்துவிட்டார், ஜலகண்டேஸ்வரர் கோயிலில் பூசை நடக்கிறது. ஆற்றைப் பற்றிச் சொன்னது அன்றைக்கே பாதிதான் உண்மை. பாலாறு மேலே காய்ந்து கிடக்கும்போதும் மணலுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். வட ஆற்காட்டுக்காரர்கள் பிழைத்தது அந்த அடிநீரை நம்பித்தான். அதை வெளியே கொண்டுவர அவர்கள் வெட்டியவை ஊற்றுக்கால்கள்.

ஊற்றுக்கால் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் அது குவாரி பேங்க் சூட்சுமமேதான். ஆற்று மணலில் தண்ணீர் கசியும் ஆழம்வரை ஒரு வாய்க்கால் தோண்டுகிறோம் என்று வையுங்கள். அங்கிருந்து ஆற்றோடு சேர்ந்தே கீழ்நோக்கிப் போகிறோம், ஆனால் ஆற்றைவிடச் சரிவு குறைவாக. ஆறு கிலோமீட்டருக்கு 2 மீட்டர் இறங்குகிறது, நம் கால் அரை மீட்டர் மட்டும் இறங்குகிறது என்றால், இரண்டு கிலோமீட்டரில் நமக்கு 3 மீட்டர் மிச்சம். மணலுக்கு அடியில் கிளம்பிய தண்ணீர், எந்த இறைப்பும் இல்லாமல் கரைமேல் ஏறி வயலுக்கோ ஏரிக்கோ போய்விடுகிறது. அங்கே பஞ்சாலை முதலாளி சக்திக்காகச் செய்ததை இங்கே குடியானவன் நெல்லுக்காகச் செய்தான். வருடா வருடம் மழைக்காலம் முடிந்ததும் ஊர் கூடி மண்வெட்டியோடு ஆற்றில் இறங்கி, வெள்ளம் மூடிவிட்ட தலைப்பகுதியைத் திரும்ப வெட்ட வேண்டும். அந்த வேலைக்கு ஆள் வராமல் போனதும் பம்புசெட் வந்ததும் ஏறக்குறைய ஒரே காலம். அதற்கும் மேலே மணல் கொள்ளை. படுகை ஆளுயரம் இறங்கிவிட்டால் காலின் தலை அந்தரத்தில் தொங்கும், தண்ணீர் அதற்குக் கீழே போய்விடும். பல ஊற்றுக்கால்கள் செத்தது அப்படித்தான். இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் தணிவதே இல்லை.

ஊற்றுக்கால் பெரும்பாலும் திறந்த வாய்க்கால்தான். பாதையைக் கடக்கும் இடத்திலும் ஊருக்குள் நுழையும் இடத்திலும் கருங்கல் பலகை போட்டு மூடியிருப்பார்கள். ஒரு முப்பது நாற்பது அடி தூரம் அப்படி மூடிய வாய் தெரிந்தால் போதும், "ராஜா குதிரையில் போன சுரங்கம்" என்று கதை கிளம்பிவிடும்.

வேலூர்க் கோட்டைக்கும் இதே கதை உண்டு. கோட்டையிலிருந்து 12 கிலோமீட்டர் தள்ளி விரிஞ்சிபுரம் வரை சுரங்கம் போகிறது என்பார்கள். தொல்லியல் துறையினர் தேடியதில் அப்படி ஒரு வழி கிடைக்கவில்லை. கொஞ்சம் யோசித்தாலே சந்தேகம் வரும்: கோட்டையைச் சுற்றிலும் அகழி. அந்தச் சுரங்கம் அகழிக்கும் அடியில் போக வேண்டும். ஒரு மழைக்காலத்துக்குமேல் அதற்குள் குதிரை போகாது, மீன்தான் போகும். ஆனால் கோட்டையில் உண்மையாகவே ஒரு நிலத்தடி வழி இருந்தது. சூரியகுண்டா என்ற நீர்நிலையிலிருந்து பூமிக்கடியில் கால் வைத்து அகழிக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ராஜா தப்பிக்கும் வழியைவிட எனக்கு இதுதான் பெரிய விஷயம். இத்தனை பெரிய அகழியை நிரப்பவும் வேண்டும், நிரம்பி வழியாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். உபரி போகும் வழி சரியாக வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2021 நவம்பர் மழையில் ஊரே பார்த்தது. ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் தண்ணீர் ஏறி நின்றது.

ஏரிக்கரைகளுக்கு அடியில் இருப்பவையும் சுரங்கங்களே. மகேந்திரவாடி, காவேரிப்பாக்கம் போன்ற ஏரிகளில் கரைக்குக் குறுக்கே, உள்ளிருந்து வெளியே தண்ணீர் போக மதகும் தூம்பும் உண்டு. வாலாஜாபேட்டை அருகே 1858-ல் முடிந்த பாலாற்று அணைக்கட்டு வெள்ளத்தைத் திருப்பி இந்த ஏரிகளுக்குத்தான் அனுப்புகிறது. அணைக்கட்டைப் பார்க்கப் போகிறவர்கள் நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கால்வாய் தலைமதகுப் பக்கம் ஒரு நடை நடந்து பாருங்கள், தண்ணீரைப் பங்குபோடும் வேலை அங்கேதான் நடக்கிறது.

இனி உங்கள் டேனரி வளைவு. தோல் தொழிலுக்குச் சக்கரம் சுற்றத் தண்ணீர் வேண்டாம், கழுவத்தான் வேண்டும். அதுவும் கொஞ்சநஞ்சமல்ல: ஒரு கிலோ பச்சைத் தோலைப் பதனிட்டு முடிக்க 30 முதல் 40 லிட்டர். முதலில் உப்பு போகக் கழுவி ஊறவைப்பது, பிறகு சுண்ணாம்புக் குழி, முடி நீக்கம், திரும்பக் கழுவல், அதன்பின் பதனிடல். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும், பிற்பாடு குரோமியம். பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று வரிசையாக டேனரிகள் உட்கார்ந்ததற்கு அடிநீரும் ஒரு காரணம். கிணற்றில் இறைத்த தண்ணீர் தொட்டிகள் வழியாக இறங்கி, கடைசியில் தரைக்கடியில் ஒரு மூடிய கால் வழியாகத் தாழ்ந்த பக்கம் போகும். தாழ்ந்த பக்கம் என்றால் ஆறு அல்லது ஏரி. நீங்கள் பார்த்தது அந்தக் காலின் வாயாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

உறுதி செய்ய வெளியில் நின்றே பார்க்கலாம். வளைவின் அடிப்பக்கக் கற்களில் வெள்ளையாக, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும் படிவு கெட்டியாக ஒட்டியிருந்தால் சுண்ணாம்புக் குழித் தண்ணீர் வந்த வழி. படிவின் இடுக்கில் மாட்டுமுடி கூடச் சிக்கியிருக்கலாம். கருஞ்சிவப்புக் கறை பட்டைச்சாறு. நீலப்பச்சைக் கறை இருந்தால் குரோம், அதைக் கையால் தொடவே வேண்டாம். இவை எதுவும் இல்லாமல் வெறும் பாசியும் வண்டலும் மட்டும் இருந்தால், அது மழைநீர்க் காலாகவோ, டேனரி வருவதற்கு முன்பே அங்கே போய்க்கொண்டிருந்த பழைய பாசனக் காலாகவோ இருக்கலாம். அப்படி இருந்தால் உங்கள் கண்டுபிடிப்பு இன்னும் சுவையானது. சாந்தையும் பாருங்கள்: சுண்ணாம்பும் செங்கல்தூளும் சேர்ந்த இளஞ்சிவப்புச் சாந்து என்றால் பழசு, சாம்பல் நிற சிமெண்ட் என்றால் பிற்காலம்.

உள்ளே ஏன் போகக்கூடாது என்பதற்கு வருகிறேன். முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்ப்பார்கள். பதனிடும் முன் தோலை அமிலத்தில் ஊறவைப்பார்கள். இந்த இரண்டு கழிவும் ஒரே காலில் சந்தித்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். டேனரி மூடி வருடங்கள் ஆனாலும் அடியில் தங்கிய சேற்றில் கிருமிகள் அந்த வாயுவை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். மேலே காய்ந்த பொருக்கு கட்டி, தரை மாதிரித் தெரியும். கால் வைத்து அந்தப் பொருக்கு உடையும்போதுதான் ஒரேயடியாக வெளிவரும். காற்றைவிடக் கனம், அதனால் தாழ்ந்த இடத்தில் தேங்கி நிற்கும். அழுகிய முட்டை நாற்றம் வருகிறதே, வந்தால் ஓடிவிடலாம் என்று நினைக்காதீர்கள். பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்கு ஏறியதும் அது மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று தோன்றும். அதற்குச் சில மடங்கு மேலே போனால் நின்ற இடத்திலேயே விழ வேண்டியதுதான். கழிவுத் தொட்டி மரணங்களைப் பற்றிய செய்திகளைக் கவனித்துப் பாருங்கள். முதலில் இறங்கியவர் விழுவார், அவரைத் தூக்க இறங்கியவர் விழுவார், மூன்றாவது ஆளும் விழுவார். நீங்கள் நாலு பேர் போவது பாதுகாப்பு என்று நினைக்கிறீர்கள். இங்கே அதுதான் ஆபத்து.

முகக்கவசம், கைக்குட்டை, மெழுகுவர்த்தி எதுவும் உதவாது. நாலு வாயுக்களை அளக்கும் கருவி, வெளிக்காற்று ஊதும் இயந்திரம், முக்காலியில் கட்டிய கயிறு, பயிற்சி பெற்ற ஆட்கள், இவ்வளவும் இருந்தால்தான் தொழில்முறைக் குழுவே இறங்கும். பாம்பையும் வௌவாலையும் இதற்குப் பிறகு பேசினால் போதும். 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டையில் டேனரிக் கழிவுநீர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்தச் சேறு எவ்வளவு கனம், எவ்வளவு விஷம் என்பது அன்றைக்கு உலகத்துக்கே தெரிந்தது. டேனரிக் கழிவைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996-ல் தந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நாடு முழுவதற்கும் நிலைநாட்டியது. வழக்குத் தொடர்ந்தது வேலூர்க்காரர்களின் அமைப்பு என்பதை இன்றைய பிள்ளைகளில் பலர் அறியமாட்டார்கள்.

உள்ளே போகாமலே அந்தக் கால் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கலாம், எனக்கு அதுதான் அதிக சுவாரசியம். குவாரி பேங்க்கும் ஊற்றுக்காலும் சொல்லித்தந்த பாடம் இங்கே கைகொடுக்கும்: தண்ணீர்க் கால் ஒரே திசையில், மெல்லிய சரிவில்தான் போக முடியும். கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய குழாயான டியூப் லெவல் ஒன்று இரவல் வாங்குங்கள். வளைவின் அடித்தரைக்கும் எதிரே ஆற்றுப் படுகைக்கும் எத்தனை அடி வித்தியாசம் என்று அளந்துகொள்ளுங்கள். அடித்தரை வெளிப்பக்கமாகச் சரிந்தால் அது வெளியேற்றும் வாய். உள்பக்கமாகச் சரிந்தால் தண்ணீர் உள்ளே போன வாய், அப்போது கதையே வேறு.

அடுத்து வரைபடம். கிராம வரைபடத்திலும் புலப்படத்திலும் (ஒவ்வொரு சர்வே எண்ணுக்குமான நில அளவைப் படம்) வாய்க்கால் புறம்போக்கு தனியாகக் காட்டப்பட்டிருக்கும். புலப்படத்தை வருவாய்த் துறையின் இணையச் சேவையிலேயே பார்க்கலாம். இன்று வீடும் சுவரும் நிற்கிற இடத்தில் ஒல்லியாக ஒரு கீற்று புறம்போக்கு என்று ஓடினால், கால் அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. பழைய ஆவணம் தேடுகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: ராணிப்பேட்டை மாவட்டம் பிறந்தது 2019-ல்தான். அதற்கு முன் வேலூர், அதற்கும் முன் வட ஆற்காடு அம்பேத்கர், 1989-க்கு முன் வட ஆற்காடு. ஊர்ப் பெயர் ஒன்றாக இருந்தாலும் கோப்பு நாலு பெயர்களில் கிடக்கும்.

மழை விட்ட மறுநாள் அந்தக் கோட்டின் மேல் நடங்கள். மூடிய கால் உடைந்த இடத்தில் மண் உள்வாங்கியிருக்கும், தார்ச்சாலையில் குறுக்கே ஒரு பள்ளம் போட்ட இடத்திலேயே திரும்பத் திரும்ப விழும், சுற்றிலும் காய்ந்திருக்க ஒரு வரிசைப் புல் மட்டும் பச்சையாக நிற்கும். மேல் முனை என்று சந்தேகப்படும் இடத்தில் தண்ணீர் ஓடினால் நாலு எலுமிச்சம்பழத்தைப் போட்டுவிட்டு, கீழ் முனையில் ஒருவரை நிறுத்தி நேரம் பாருங்கள். வந்து சேர்ந்தால் இரண்டும் ஒரே கால். வராவிட்டால் நடுவில் அடைப்பு, அல்லது நீங்கள் தவறான முனையில் நிற்கிறீர்கள்.

இடம் தனியாருடையது என்றால் உரிமையாளரிடமும், ஆற்றுப் பக்கம் என்றால் நீர்வளத் துறையிடமும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். வளைவின் அகலம், உயரம், அடித்தரைச் சரிவின் திசை, கறையின் நிறம், செங்கல்லின் மூன்று அளவுகள், இவற்றை எழுதி, அளவுகோலைப் பக்கத்தில் வைத்து எடுத்த ஒரு படத்தோடு அனுப்பினால், அது எந்த வகைக் கால் என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியும். படத்தை வாயிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி நின்றே எடுங்கள்.